எந்த ஊர்க் குழந்தை?

2021 ஆகஸ்டில் 'லான்செட் குளோபல் ஹெல்த்' இதழ் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டது. பிறக்கும்போது மூச்சுத் திணறி மூளை பாதிக்கப்பட்ட 408 பச்சிளங்குழந்தைகள். இந்தியா, இலங்கை, வங்கதேசம் ஆகிய மூன்று நாடுகளில் ஏழு பெரிய சிகிச்சைப் பிரிவுகள். அவற்றில் இரண்டு சென்னை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தவை. குலுக்கல் முறையில் பாதிக் குழந்தைகளைத் தேர்ந்து மூன்று நாள் உடலைக் குளிர்வித்தார்கள். மீதிக் குழந்தைகளை வழக்கமான உடல் வெப்பத்திலேயே வைத்துக் கவனித்தார்கள். பணக்கார நாடுகளில் பத்தாண்டுகளுக்கு மேலாக நிலைபெற்றுவிட்ட சிகிச்சை இது. அங்கே இதைச் செய்யாமல் விட்டால்தான் மருத்துவர் பதில் சொல்ல வேண்டும். ஆனால் இங்கே, 18 மாதம் கழித்துக் கணக்கெடுத்தபோது, குளிர்வித்த குழந்தைகளில் 42 சதவீதம் இறந்திருந்தன. குளிர்விக்காதவற்றில் 31 சதவீதம்.

ஹெலிக்ஸ் என்று பெயரிடப்பட்ட இந்தச் சோதனையை லண்டன் இம்பீரியல் கல்லூரியின் சுதின் தய்யில் தலைமையிலான குழு நடத்தியது. முடிவு வந்தபின் எழுந்த வாதங்களைக் கூட்டிப் பார்த்தால் மூன்று கேள்விகளில் அடங்கிவிடும். சிகிச்சையே தவறா? செய்த விதம் தவறா? இல்லை, இந்தக் குழந்தைகளின் நோயே வேறா? முதல் இரண்டும் எந்தச் சோதனைக்குப் பிறகும் எழுபவை. மூன்றாவதைத்தான் குழந்தை மருத்துவம் நெடுங்காலம் கேட்காமல் விட்டிருந்தது. கடந்த பதினைந்து ஆண்டுகளில் பச்சிளங்குழந்தை ஆய்வில் நடந்த பெரிய மாற்றம் எது என்று கேட்டால், மரபணுச் சிகிச்சையையோ புதிய மருந்துகளையோ நான் முதலில் சொல்ல மாட்டேன். குழந்தைகள் அதிகம் இறக்கும் ஊர்களிலேயே பெரிய சோதனைகளை நடத்தத் துணிந்ததைத்தான் சொல்வேன். அவற்றில் பல, நன்கு தெரிந்தவை என்று நாம் நினைத்திருந்தவற்றைப் புரட்டிப்போட்டன.

குளிர்வித்தலின் கதையைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டும்.

பிறந்ததும் அழாத குழந்தை என்றால் பிரசவ அறையில் இருக்கும் எல்லோருக்கும் பதற்றம் தொற்றிக்கொள்ளும். தொப்புள்கொடி அழுந்தியிருக்கலாம், நச்சுக்கொடி முன்னதாகவே பிரிந்திருக்கலாம், பிரசவம் அளவுக்கு மீறி நீண்டிருக்கலாம். எப்படியோ மூளைக்குப் போகும் ஆக்சிஜன் குறைந்து, செல்களின் ஆற்றல் வற்றிவிடுகிறது. முகமூடி வைத்துக் காற்றை அழுத்திக் குழந்தையை மீட்கிறார்கள். நிறம் திரும்புகிறது, இதயம் சீராகத் துடிக்கிறது. சில மணி நேரம் எல்லாம் தேறி வருவதுபோல் இருக்கும். பிறகுதான் இரண்டாவது சரிவு. செல்கள் மீண்டும் ஆற்றலை இழந்து மடியத் தொடங்குகின்றன, வலிப்பு வருகிறது. இப்படி இரண்டு கட்டமாகச் சேதம் நிகழ்கிறது என்பதை 1980களில் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஆஸ்மண்ட் ரெனால்ட்ஸின் குழு, குழந்தையின் மூளைக்குள் நடக்கும் வேதிமாற்றத்தை வெளியிலிருந்தே காந்தப்புலத்தால் அளந்து கண்டறிந்தது.

இரண்டு சரிவுகளுக்கும் நடுவே இருக்கும் அந்தச் சில மணி நேரம்தான் மருத்துவர்களின் கண்ணில் பட்டது. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் பீட்டர் குளக்மன், அலிஸ்டர் கன் ஆகியோர், தாயின் வயிற்றிலிருக்கும் ஆட்டுக்குட்டியின் மூளைக்கு ரத்தத்தைச் சிறிது நேரம் தடுத்து, பிறகு தலையைக் குளிர்வித்துப் பார்த்தார்கள். சேதம் கணிசமாகக் குறைந்தது. 2005-இல் மனிதக் குழந்தைகளில் செய்த இரண்டு சோதனைகளின் முடிவுகள் வந்தன. அமெரிக்காவில் சீதா சங்கரன் தலைமையில் 208 குழந்தைகளிடம் நடந்த சோதனையில், குளிர்விக்காத குழந்தைகளில் 62 சதவீதம் இறந்தன அல்லது மிதமான அல்லது கடுமையான குறைபாட்டோடு வளர்ந்தன. குளிர்வித்தவற்றில் அது 44 சதவீதம். முறையும் தெளிவாகிவிட்டது: பிறந்த ஆறு மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், உடல் வெப்பத்தை 33.5 டிகிரி செல்சியஸுக்குக் கொண்டுவந்து 72 மணி நேரம் அப்படியே வைத்திருக்க வேண்டும், பிறகு மெல்ல மெல்லச் சூடேற்ற வேண்டும். 2013-இல் காக்ரேன் அமைப்பு 11 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தது. ஏழு குழந்தைகளைக் குளிர்வித்தால் ஒரு குழந்தையை மரணத்திலிருந்தோ பெருங்குறைபாட்டிலிருந்தோ காப்பாற்றலாம் என்று கணக்கு சொன்னது. மருத்துவத்தில் ஏழுக்கு ஒன்று என்பது அபூர்வமான வெற்றி.

இங்கே ஒரு பழைய செய்தியைச் சொல்லாமல் நகர முடியவில்லை. மூச்சுத் திணறிய குழந்தையைக் குளிர்ந்த நீரில் அமிழ்த்தும் பழக்கம் 1950களிலேயே ஸ்வீடனில் இருந்தது. பியோர்ன் வெஸ்டின் என்ற மருத்துவர் அதில் நல்ல பலன் கிடைப்பதாக எழுதியிருக்கிறார். ஆனால் 1958-இல் நியூயார்க்கின் வில்லியம் சில்வர்மன், குறைமாதக் குழந்தைகளைச் சற்றே கூடுதல் வெப்பத்தில் வைத்தால் அதிகம் பிழைக்கின்றன என்று சோதனை செய்து காட்டினார். குளிர் பச்சிளங்குழந்தையின் எதிரி என்பது அன்றிலிருந்து பாடமாயிற்று. குளிர்விக்கும் பேச்சே பல பத்தாண்டுகள் ஓய்ந்துபோனது. சில்வர்மன் பார்த்தது குறைமாதக் குழந்தைகளை, வெஸ்டின் பார்த்தது மூச்சுத் திணறியவற்றை. அன்றும் இதே கேள்விதான்: எந்தக் குழந்தை?

2005-க்குப் பிறகு குளிர்வித்தல் தெற்காசியாவுக்கு வந்தது. வெளிநாட்டுக் கருவி விலை அதிகம் என்பதால் ஐஸ் பை, ஜெல் பை, மின்விசிறி என்று கையில் கிடைத்ததை வைத்தெல்லாம் குளிர்வித்தார்கள். வேலூர் சிஎம்சி மருத்துவர்கள் ஓர் இந்திய நிறுவனத்தோடு சேர்ந்து, உருகும்போது வெப்பத்தை உறிஞ்சி ஒரே நிலையில் நிறுத்தும் மெழுகு போன்ற பொருளால் மலிவான குளிர்ப்படுக்கை ஒன்றை உருவாக்கினார்கள். நல்ல முயற்சிதான். ஆனால் இந்த ஊர்க் குழந்தைக்குக் குளிர் உதவுகிறதா என்ற கேள்விக்கு விடை கிடைக்கும் முன்பே, எப்படிக் குளிர்விப்பது என்ற கேள்விக்கு விடை தேடியாகிவிட்டது. எச்சரிக்கை ஏற்கெனவே வந்திருந்தது. உகாண்டாவின் முலாகோ மருத்துவமனையில் 36 குழந்தைகளிடம் செய்த சிறிய சோதனையில், குளிர்வித்த பக்கம் இறப்பு கூடுதலாக இருந்தது. எண்ணிக்கை சிறிது என்பதால் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஹெலிக்ஸ் தொடங்கும்போது எழுந்த எதிர்ப்பை இன்று திரும்பிப் பார்த்தால் வியப்பாக இருக்கும். நிரூபணமான சிகிச்சையைப் பாதிக் குழந்தைகளுக்கு மறுப்பது அறமா என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் நிரூபணம் எங்கே நடந்தது என்பதை அந்தக் கேள்வி விழுங்கிவிட்டது. சோதனை நடந்திருக்காவிட்டால், ஐஸ் பைகளும் குளிர்ப்படுக்கைகளும் அரசு மருத்துவமனைகள் எங்கும் பரவியிருக்கும். இறப்பு கூடியிருந்தாலும் எவர் கண்ணிலும் பட்டிருக்காது. நோயின் கடுமையால் போய்விட்டது என்றே எழுதியிருப்பார்கள்.

குளிர்வித்தது சரியில்லையோ என்ற சந்தேகத்துக்கு அதிக இடமில்லை. ஹெலிக்ஸில் ஐஸ் பை கிடையாது. வெப்பத்தைத் தானே அளந்து சரிசெய்யும் கருவியைத்தான் பயன்படுத்தினார்கள். ஆகவே தேடல் குழந்தைகளின் மூளையை நோக்கித் திரும்பியது. அங்கே கிடைத்ததுதான் இந்தச் சோதனையின் உண்மையான பயன் என்பது என் எண்ணம். மேலைநாட்டுச் சோதனைகளில் சேர்ந்த குழந்தைகள் பலவற்றுக்குத் திடீர் விபத்தே காரணம்: நச்சுக்கொடி சட்டெனப் பிரிவது, கொடி முன்னால் சரிவது, கருப்பை கிழிவது. அப்படிப்பட்ட திடீர் அடி மூளையின் ஆழத்தில் இருக்கும் சாம்பல்நிறப் பகுதிகளைத் தாக்கும். ஹெலிக்ஸ் குழந்தைகளின் எம்ஆர்ஐ படங்களில் அந்தச் சேதம் குறைவாகவும், வெள்ளைப் பகுதியில் சேதம் அதிகமாகவும் தெரிந்தது. ஆக்சிஜன் ஒரேயடியாக நிற்காமல், விட்டுவிட்டு, நீண்ட நேரம் குறைந்துகொண்டே வந்ததற்கான அடையாளம் அது. பின்னர் இத்தாலியக் குழந்தைகளின் ரத்தத்தையும் தெற்காசியக் குழந்தைகளின் ரத்தத்தையும் வைத்து, எந்தெந்த மரபணுக்கள் செயல்படுகின்றன என்று ஒப்பிட்டார்கள். இத்தாலியக் குழந்தைகளிடம் புதிதாக நேர்ந்த மூச்சுத்திணறலின் தடம் தெரிந்தது. தெற்காசியக் குழந்தைகளின் ரத்தமோ, தூக்கத்தில் அடிக்கடி மூச்சு அடைபடும் நோயாளிகளின் ரத்தத்தை ஒத்திருந்தது.

சேதம் பிரசவ வலியின் முதல் மணி நேரங்களிலோ அதற்கும் முன்போ தொடங்கிவிட்டதென்றால், பிறந்தபின் ஆறு மணி நேரம் என்ற கணக்குக்கே பொருளில்லை. மருத்துவர் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கும் முன்பே அந்த இடைவெளி கடந்துபோயிருக்கும். நோயின் பெயர் இரு இடத்திலும் ஒன்றுதான். கேஸ் ஷீட்டில் எழுதுவதும் ஒன்றுதான். உடலுக்குள் நடந்திருப்பது வேறு.

இதை வைத்துக் குளிர்வித்தல் இந்தியாவுக்கு ஆகாது என்று ஒரேயடியாகச் சொல்லிவிடவும் முடியாது. வேலூர் சிஎம்சியில் 50 குழந்தைகளிடம் நடந்த சோதனை ஒன்றில், குளிர்வித்தவற்றின் மூளைச் சேதம் எம்ஆர்ஐயில் குறைவாகவே தெரிந்தது. வேலூரிலிருந்து, ஹெலிக்ஸ் நடந்த சென்னை சில மணி நேரப் பயணம்தான். மொழி, உணவு, வெயில் எதுவும் வேறில்லை. 50 பேர் கொண்ட சோதனையை 408 பேர் கொண்டதோடு சமமாகத் தராசில் வைக்க முடியாது என்பது உண்மை. என்றாலும், ஒரு மருத்துவமனைக்கு வந்து சேரும் தாய்மார்கள் யார், எந்த நிலையில் வருகிறார்கள், பிரசவத்தை யார் எவ்வளவு நேரம் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதையெல்லாம் பொறுத்து அங்கே பிறக்கும் நோயே மாறலாம். தகுந்த தீவிர சிகிச்சை வசதி இருக்கும் இடங்களில் குளிர்விக்கலாம் என்று கருதும் வல்லுநர்கள் இன்னும் இருக்கிறார்கள். 'ஊர்' என்று நான் சொல்வது தேசப்படத்துக் கோடுகளை அல்ல.

அடுத்த உதாரணமும் ஆக்லாந்தில் ஓர் ஆட்டுக்குட்டியிடம்தான் தொடங்குகிறது. பிரசவ வலியைத் தூண்டுவது எது என்று ஆராய்ந்துகொண்டிருந்த கிரஹாம் லிக்கின்ஸ், 1960களில் கருவிலிருக்கும் குட்டிகளுக்கு ஸ்டீராய்டு செலுத்திப் பார்த்தார். ஏறக்குறைய 150 நாளில் பிறக்க வேண்டிய குட்டி ஒன்று 117-ஆம் நாளே பிறந்துவிட்டது. நுரையீரல் முதிராத நிலை. செத்துப் பிறந்திருக்க வேண்டும். ஆனால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. லிக்கின்ஸும் ரோஸ் ஹோவியும் இதைத் தாய்மார்களிடம் சோதித்து 1972-இல் வெளியிட்டார்கள்: குறைமாதப் பிரசவம் நேரப்போகும் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் குழந்தையின் நுரையீரல் விரைவில் முதிர்கிறது, இறப்பு குறைகிறது. மருத்துவ உலகம் இதை ஏற்க இருபது ஆண்டுகளுக்கு மேல் எடுத்துக்கொண்டது. அந்தத் தாமதத்துக்குள் ஆயிரக்கணக்கான குழந்தைகள் இறந்தன என்ற வெட்கம்தான், சோதனைகளைத் தொகுத்துப் பார்க்கும் காக்ரேன் அமைப்பு பிறந்ததற்கே ஒரு காரணம். அதன் சின்னத்தில் இருப்பதே இந்த ஸ்டீராய்டுச் சோதனைகளின் வரைபடம்தான்.

மலிவான ஊசி, நாற்பது ஆண்டு நிரூபணம். ஏழை நாடுகளின் கிராமங்களுக்கும் கொண்டுபோனால் என்ன? அர்ஜென்டினா, குவாதமாலா, இந்தியா, கென்யா, பாகிஸ்தான், சாம்பியா ஆகிய ஆறு நாடுகளில் இதைச் செய்து பார்த்தார்கள். சுமார் ஒரு லட்சம் பிறப்புகள். கிராமச் சுகாதாரப் பணியாளர்களுக்கு ஊசி மருந்தும், வயிற்றை அளந்து எத்தனை மாதம் என்று மதிப்பிட ஒரு நாடாவும் தந்தார்கள். 2015-இல் வந்த முடிவில், மிகச் சிறிய குழந்தைகளுக்கு எந்தப் பலனும் இல்லை. மொத்தக் குழந்தைகளை எடுத்துக்கொண்டால், ஊசி தந்த ஊர்களில் ஆயிரம் பிறப்புக்கு 27.4 இறப்பு, தராத ஊர்களில் 23.9. உயிர் காக்கும் ஊசி இறப்பைக் கூட்டியிருந்தது.

ஏன் என்பதை ஊகிப்பது கடினமில்லை. ஸ்கேன் இல்லாமல் நாடாவை வைத்து மாதத்தைக் கணக்கிட்டதால், ஊசி போட்டுக்கொண்ட பல தாய்மார்கள் உண்மையில் நிறைமாதத்தில் பிரசவித்தார்கள். அந்தக் குழந்தைகளுக்கு ஸ்டீராய்டு தேவையே இல்லை. தாய்மாரிடம் தொற்றும் கூடியது. குறைமாதத்தில் பிறந்தவற்றுக்கோ நுரையீரல் முதிர்ந்தாலும், பிறந்தபின் சுவாச உதவி தரவும் தொற்றைக் கவனிக்கவும் ஆளில்லை.

இங்கேதான் உலக சுகாதார அமைப்பு பாராட்டத்தக்க ஒன்றைச் செய்தது. சிகிச்சையைக் கைவிடவும் இல்லை, பழைய நம்பிக்கையைப் பிடித்துக்கொண்டு நிற்கவும் இல்லை. கேள்வியை மாற்றி இன்னொரு சோதனை நடத்தியது. வங்கதேசம், இந்தியா, கென்யா, நைஜீரியா, பாகிஸ்தான் ஆகிய நாடுகளில் 29 மருத்துவமனைகள், 2,852 தாய்மார்கள். இம்முறை ஸ்கேன் செய்து கர்ப்பத்தின் வாரத்தை உறுதிசெய்த பிறகே ஊசி. பிறக்கும் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வசதி உள்ள மருத்துவமனைகள் மட்டும். 2020-இல் வந்த முடிவு: ஸ்டீராய்டு போட்ட பக்கம் பச்சிளங்குழந்தை இறப்பு 19.6 சதவீதம், போடாத பக்கம் 23.5 சதவீதம். பலன் தெளிவாகத் தெரிந்ததால் சோதனையைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். அதே மருந்து, பெரும்பாலும் அதே நாடுகள். வேறுபாடு ஒரு ஸ்கேன் கருவியும், பிறந்தபின் காத்திருந்த கைகளும்.

ஆப்பிரிக்காவில் நடந்த ஃபீஸ்ட் சோதனையையும் இந்த வரிசையில் வைக்கலாம். இது சற்றுப் பெரிய குழந்தைகளைப் பற்றியது. கடும் காய்ச்சலில் ரத்த ஓட்டம் குன்றி, கைகால் சில்லிட்டு வரும் குழந்தைக்குச் சலைனை விரைவாக ஏற்ற வேண்டும் என்பது உலகம் முழுவதும் பாடப்புத்தகத்தில் உள்ள முதலுதவி. கேத்ரின் மெய்ட்லண்ட் தலைமையில் கென்யா, தான்சானியா, உகாண்டாவில் 3,141 குழந்தைகளிடம் சோதித்தார்கள். 48 மணி நேரத்துக்குள் இறந்தவை: விரைவாகச் சலைன் ஏற்றியவற்றில் 10.5 சதவீதம், ஏற்றாமல் மெதுவாகத் தந்தவற்றில் 7.3 சதவீதம். 2011-இல் இந்த முடிவு வந்தபோது வாயடைத்துப் போனவர்கள் பணக்கார நாட்டுத் தீவிர சிகிச்சை நிபுணர்களும்தான். அவர்கள் ஊர்களில் அந்த முதலுதவியை அதுவரை இவ்வளவு பெரிய சோதனைக்கு யாரும் உட்படுத்தியதில்லை. வழக்கம் என்பதாலேயே உண்மை என்று நம்பியிருந்தார்கள். ஃபீஸ்டில் சேர்ந்த குழந்தைகளில் பாதிக்கு மேல் மலேரியா. மூன்றில் ஒரு பங்குக்குக் கடும் ரத்தசோகை. செயற்கைச் சுவாசக் கருவி கிடையாது. ஏற்கெனவே நீர்த்துப்போன ரத்தத்தில் மேலும் நீரைக் கலந்தால் என்ன ஆகும் என்ற கேள்வியை அதன் பிறகுதான் உரக்கக் கேட்டார்கள்.

எந்த ஊர்க் குழந்தை என்ற கேள்விக்குத் தமிழ்நாட்டில் நீண்ட பின்னணி உண்டு. 1970களின் தொடக்கத்தில் வேலூர் சிஎம்சியின் வைரஸ் ஆய்வாளர் டி. ஜேக்கப் ஜான், போலியோ சொட்டு மருந்து குடித்த குழந்தைகளின் ரத்தத்தைச் சோதித்தார். மேலைநாடுகளில் மூன்று தவணையில் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளிடமும் உருவாகும் எதிர்ப்பாற்றல் வேலூரில் உருவாகவில்லை. கணிசமான குழந்தைகள் மூன்று தவணைக்குப் பிறகும் பாதுகாப்பில்லாமல் இருந்தன. கூடுதல் தவணை வேண்டும், ஊசித் தடுப்பு மருந்தையும் பரிசீலிக்க வேண்டும் என்று அவர் தொடர்ந்து எழுதினார். அன்று அது எளிதில் காதில் விழவில்லை. குளிர்பதனம் சரியில்லாததால் மருந்து கெட்டிருக்கும் என்பதே பலருக்கு வசதியான விளக்கம். பிற்பாடு உத்தரப் பிரதேசத்தின் தரவுகளை நிக்கலஸ் கிராஸ்லி ஆராய்ந்து 2006-இல் வெளியிட்டபோது, அங்கே ஒரு தவணையின் பலன் வெறும் 9 சதவீதம்தான் என்று தெரிந்தது. ஒரே நாடு, ஒரே மருந்து, இந்த நிலை.

காரணம் குடலில் நிறைந்திருக்கும் வேறு கிருமிகளா? நல்ல ஊகம், எல்லோருக்கும் பிடித்த ஊகமும்கூட. வேலூரிலேயே ககன்தீப் காங், கிராஸ்லி ஆகியோரின் குழு அதைச் சோதித்தது. சொட்டு மருந்துக்கு முன் குழந்தைகளுக்கு அசித்ரோமைசின் தந்து குடல் பாக்டீரியாத் தொற்றைக் குறைத்தார்கள். தொற்று குறைந்தது, போலியோ எதிர்ப்பாற்றல் கூடவில்லை. 2016-இல் வெளியான இந்த முடிவு தலைப்புச் செய்தி ஆகவில்லை. 'மருந்து பலிக்கவில்லை' என்ற ஆய்வைப் பத்திரிகைகள் சீண்டுவதில்லை. ஆய்வாளர்களுக்கும் அதனால் பெரிய பெயர் கிடைப்பதில்லை. ஆனால் இத்தகைய 'இல்லை'கள்தான் அடுத்த பத்தாண்டுப் பணத்தையும் உழைப்பையும் தவறான தெருவில் போகாமல் தடுக்கின்றன. இந்தியா போலியோவை ஒழித்தது குழந்தைகளின் குடல் மாறியதால் அல்ல. தவணைகளைப் பன்மடங்கு கூட்டியும், 2010-இல் இரு வகை வைரஸை மட்டும் குறிவைக்கும் சொட்டு மருந்துக்கு மாறியும்தான். நாட்டின் கடைசி இயற்கைப் போலியோ நோயாளி 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தில் கண்டறியப்பட்ட குழந்தை. ஊசி மருந்து 2015-இல் தேசியத் தடுப்பூசித் திட்டத்துக்குள் வந்தது.

ரோட்டா வைரஸ் தடுப்பு மருந்திலும் இதே நிலைதான். கடும் வயிற்றுப்போக்கைத் தடுப்பதில் லத்தீன் அமெரிக்காவில் சுமார் 85 சதவீதப் பலன் தந்த மருந்து மலாவியில் 49 சதவீதத்தையே தந்தது. டெல்லி எய்ம்ஸில் எம்.கே. பான் குழு, நோயில்லாத குழந்தைகளிடமிருந்து பிரித்தெடுத்த வைரஸிலிருந்து உருவான இந்திய மருந்தை டெல்லி, புனே, வேலூர் மூன்று இடங்களில் 6,799 குழந்தைகளிடம் சோதித்தபோது முதல் ஆண்டில் பலன் 56 சதவீதம். எண் சிறிதாகத் தெரியலாம். ஆனால் நோய் அதிகமுள்ள இடத்தில் 56 சதவீதம் காக்கும் உயிர்கள், நோய் குறைந்த இடத்தில் 85 சதவீதம் காப்பவற்றைவிட அதிகம். அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துத்தான் 2016-இல் அதை அரசுத் திட்டத்தில் சேர்த்தார்கள்.

இதுவரை சொன்னவை அங்கிருந்து இங்கே வந்து தடுமாறியவை. எதிர்த்திசையில் பயணம் செய்த ஒன்றும் உண்டு. 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டாவில், ஒரே இன்குபேட்டரில் இரண்டு மூன்று குறைமாதக் குழந்தைகளைப் படுக்கவைக்க வேண்டிய நெருக்கடி. ஒன்றின் தொற்று மற்றொன்றுக்குப் பரவியது. எட்கர் ரே, ஹெக்டர் மார்ட்டினெஸ் ஆகிய மருத்துவர்கள் குழந்தையைத் தாயின் மார்போடு தோல் படும்படி நேராகக் கட்டிவைக்கச் சொன்னார்கள். கங்காரு பராமரிப்பு என்று பெயர் வந்தது. இன்குபேட்டர் வாங்க முடியாத ஏழைகளின் மாற்று ஏற்பாடு என்றுதான் பணக்கார மருத்துவமனைகள் இதை நெடுநாள் பார்த்தன. ஏற்றுக்கொண்ட இடங்களிலும் ஒரு நிபந்தனை இருந்தது: குழந்தையின் மூச்சும் துடிப்பும் சீரான பிறகுதான் தாயிடம் தர வேண்டும். அதற்குள் பல நாள் கழிந்துவிடும். குறைமாதக் குழந்தைகளின் இறப்பில் பெரும் பங்கு நிகழ்வதும் அந்த நாட்களில்தான்.

இந்த நிபந்தனையைக் கானா, இந்தியா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய நாடுகளின் ஐந்து மருத்துவமனைகள் சோதனைக்கு எடுத்துக்கொண்டன. இந்தியாவில் டெல்லி சப்தர்ஜங். ஒரு கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் பிறந்த 3,211 குழந்தைகள். சீராகும்வரை காத்திராமல் பிறந்த உடனே தாயிடம் சேர்ப்பது ஒரு பக்கம். பழைய முறை மறுபக்கம். 2021-இல் வந்த முடிவின்படி, 28 நாளுக்குள் இறந்தவை உடனே சேர்த்த பக்கம் 12 சதவீதம், மறுபக்கம் 15.7 சதவீதம். 27 குழந்தைகளுக்கு ஓர் உயிர். எந்த மருந்தும் இல்லை, கருவியும் இல்லை. இந்தச் சோதனையும் பலன் தெளிவாகிவிட்டதால் முன்கூட்டியே நிறுத்தப்பட்டது. 2022 நவம்பரில் உலக சுகாதார அமைப்பு தன் வழிகாட்டுதலை மாற்றியது.

மருந்து இல்லை என்றாலும் செலவு உண்டு, சண்டையும் உண்டு. உடனே சேர்க்க வேண்டுமென்றால் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள்ளேயே தாய்க்குக் கட்டில் போட வேண்டும். குழந்தையோடு தாய்க்கும் அங்கேயே ரத்த அழுத்தம் பார்த்து, தையலைக் கவனித்து, மருந்து தர வேண்டும். மகப்பேறுப் பிரிவும் குழந்தைப் பிரிவும் வேறு வேறு மாடியில், வேறு வேறு தலைமையில் இயங்கும் நம் அரசு மருத்துவமனைகளில் இது கட்டடத்தையும் அதிகாரத்தையும் தொடும் மாற்றம். பால் கொடுக்க மட்டும் உள்ளே வந்துவிட்டு, வராந்தாவில் பாயை விரித்துக் காத்திருக்கும் தாய்மார்களைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். சோதனையில் தாயோ, அவர் முடியாதபோது பாட்டியோ அத்தையோ, நாளொன்றுக்கு 16.9 மணி நேரம் குழந்தையை மார்பில் சுமந்தார்கள்; மறுபக்கத்தில் அது 1.5 மணி நேரம். பிள்ளை பெற்றவளை ஒருத்தி கூடவே இருந்து பார்த்துக்கொள்ளும் பழக்கம் இங்கே இன்னும் போய்விடவில்லை. அதைப் பிரிவுக்குள் அனுமதிப்பதில்தான் தயக்கம்.

உலகில் 2022-இல் பிறந்த முதல் மாதத்துக்குள் இறந்த குழந்தைகள் சுமார் 23 லட்சம். இதைக் குறைக்க ஹெலிக்ஸ் காட்டிய வழியில் யோசித்தால், மூச்சுத்திணறலுக்கான சிகிச்சை குழந்தைப் பிரிவிலிருந்து நகர்ந்து பிரசவ அறைக்குள் போக வேண்டும். வலி வருவதற்கான ஊசியை எந்த அளவில், எவ்வளவு வேகத்தில் ஏற்றுகிறார்கள்? கருப்பை இறுகித் தளரும்போதெல்லாம் குழந்தைக்கு மூச்சு வாங்க நேரம் கிடைக்கிறதா? வலி முற்றிய பிறகு கால் மணியிலிருந்து அரை மணிக்கு ஒருமுறையும், குழந்தை வெளிவரும் கட்டத்தில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறையும் அதன் துடிப்பைக் கேட்க வேண்டும் என்பது விதி. ஒரு செவிலியர் ஒரே நேரத்தில் பல பிரசவங்களைப் பார்க்கும் இரவில் அது விதியாக மட்டுமே இருக்கும். துடிப்பைத் தொடர்ந்து கவனிக்கும் கருவி, பிரசவத்தில் கூடவே ஒரு துணை, பிறந்ததும் சரியான மீட்பு என்று பலவற்றைச் சேர்த்துத் தென்னிந்திய அரசு மருத்துவமனைகளில் அடுத்த கட்ட ஆய்வை தய்யிலின் குழு எடுத்துக்கொண்டதற்கு இதுவே காரணம். மருந்துக் கண்டுபிடிப்பின் கவர்ச்சி இதில் இல்லை. பலனை அளக்கவும் பல்லாயிரம் பிரசவங்கள் வேண்டும்.

இப்படிச் சோதிக்காத வழக்கம் ஒன்று பிரிட்டனிலும் பரவியிருக்கிறது. மூளைப் பாதிப்பு லேசாக இருக்கும் குழந்தைகளையும் 'எதற்கும் இருக்கட்டும்' என்று மூன்று நாள் குளிர்விக்கிறார்கள். 2005-இன் சோதனைகள் மிதமான, கடுமையான பாதிப்பு உள்ள குழந்தைகளுக்காகவே வடிவமைக்கப்பட்டவை. லேசான பாதிப்புக்கு அவற்றில் விடை இல்லை. அந்தக் குழந்தைகளில் குலுக்கல் முறையில் ஒரு பகுதியைக் குளிர்விக்காமல் விட்டுப் பார்க்கும் கோமெட் என்ற சோதனையை அங்கே தொடங்கியிருக்கிறார்கள். நடத்துவது தய்யிலின் குழுதான்.